199-ஆம் ஆளும் அவருக்கு முந்தைய ஆறு பேரும்

அமெரிக்கன் ஃபுட்பால் தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசிக் 2024 ஜனவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியை விட்டுப் போனார். 24 பருவங்கள், இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் ஆறு கோப்பைகள். அவர் போன பிறகும் மாசசூசெட்ஸில் அவரைப் பற்றிய சண்டை ஓயவில்லை. பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்து, இங்கிருப்பவர்களின் ஆட்டத்தை என் ஆட்டமாக ஆக்கிக்கொண்டவன் என்பதால் நானும் அந்தச் சண்டையில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டும். இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் வளர்த்தெடுப்பதிலும் இந்த மனிதர் உண்மையிலேயே கெட்டிக்காரர்தானா?

ஒரு கட்சிக்காரர்களுக்கு ஒரே ஒரு எண் போதும்: 199. டாம் பிரேடியை 199-ஆம் ஆளாக எடுத்தவரிடம் வேறென்ன கேட்பது என்பார்கள். எதிர்க்கட்சியிடம், எடுத்தும் தேறாமல் போனவர்களின் நீளமான பட்டியல் இருக்கும். நிகீல் ஹாரி, சாட் ஜாக்சன், சைரஸ் ஜோன்ஸ், டியூக் டாசன், டாமினிக் ஈஸ்லி என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போவார்கள். இரண்டு பட்டியல்களும் பொய்யில்லை. ஆனால் இரண்டையும் எவ்வளவு நேரம் எதிரெதிரே வைத்துப் பார்த்தாலும் கேள்விக்குப் பதில் கிடைக்காது. எந்தப் பயிற்சியாளருக்கு வேண்டுமானாலும் இப்படி இரண்டு பட்டியல்கள் போட்டுவிடலாம்.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். அமெரிக்கன் ஃபுட்பாலில் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். நம் ஐ.பி.எல். ஏலத்தில் பணம் பேசும். இங்கே பேசுவது வரிசை. முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. 32 அணிகள், ஏழு சுற்றுகள். வாய்ப்புகளை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், சேர்த்துவைக்கலாம். ஏழு சுற்றிலும் யாரும் கூப்பிடாத இளைஞர்கள் நேராக ஏதாவது ஓர் அணியின் முகாமுக்குப் போய்க் கதவைத் தட்டலாம். அப்படி வந்தவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்போகிறேன். பெலிசிக்கின் கணக்கு சரியாகத் தெரிவது அவர்கள் வழியாகத்தான்.

முதலில் பிரேடி. அவர் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்.

2000-ஆம் ஆண்டு டிராஃப்டில் பிரேடிக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் தேர்வானார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அதே டிராஃப்டில் பேட்ரியட்ஸ் அணியே பிரேடிக்கு முன்னால் வேறு ஆறு பேரை எடுத்தது என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. ஏட்ரியன் கிளெம், ஜே.ஆர். ரெட்மண்ட், கிரெக் ராபின்சன்-ராண்டல், டேவ் ஸ்டாசெல்ஸ்கி, ஜெஃப் மேரியட், ஆன்ட்வான் ஹாரிஸ். அதற்குப் பிறகுதான் ஆறாம் சுற்றில் 199-ஆவதாக பிரேடி. இவர்தான் வரலாற்றிலேயே சிறந்தவர் ஆகப்போகிறார் என்று பெலிசிக்குக் கொஞ்சமாவது தெரிந்திருந்தால் ஐந்து சுற்றுகள் காத்திருந்திருப்பாரா? குவார்ட்டர்பேக் பயிற்சியாளராக இருந்த டிக் ரேபைன் பிரேடியை நேரில் பார்த்து வந்து, இவரை எடுக்கலாம் என்று சொன்னவர். அவரும் 2001 ஆகஸ்டில் இறந்துவிட்டார். தான் சொன்னது பலித்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஆக, அந்தத் தேர்வு நாளில் நடந்தது பெரும்பாலும் அதிர்ஷ்டம். ஆனால் அதற்குப் பிறகு நடந்த இரண்டு காரியங்களில் அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை.

முதலாவது, 2000-ஆம் ஆண்டு பருவம் தொடங்கும்போது பெலிசிக் நான்கு குவார்ட்டர்பேக்குகளை அணியில் வைத்துக்கொண்டார். 53 பேருக்குத்தான் இடம். அதில் நான்கை ஒரே வேலைக்கு ஒதுக்குவது வீண் என்று எந்த அணி நிர்வாகியும் சொல்வார். அந்த நான்காவது இளைஞர் அந்தப் பருவம் முழுவதும் எறிந்தது மூன்று பந்துகள். போய்ச் சேர்ந்தது ஒன்று. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகும், பயிற்சி முடிந்த பிறகும் அவர் என்ன செய்கிறார் என்பதை பெலிசிக் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது, 2001 செப்டம்பரில் முதல்நிலை குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்சோ படுகாயமடைந்தபோது பிரேடி களமிறங்கினார். இதை எந்தப் பயிற்சியாளரும் செய்திருப்பார். நவம்பரில் பிளெட்சோ உடல் தேறி வந்து நின்றபோதும் பெலிசிக் பிரேடியை மாற்றவில்லை. அதே ஆண்டு மார்ச்சில்தான் பிளெட்சோ பத்து ஆண்டுகளுக்கு 10.3 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். அணியின் முகமே அவர்தான். அவரைப் பெஞ்சில் உட்காரவைக்கப் பெலிசிக்குத் துணிச்சல் மட்டும் இருந்தால் போதாது. தினமும் களத்தில் கண்டதை நம்பும் திடமும் வேண்டும்.

நான் சொல்லவருவது இதுதான். காணாததை ஊகிப்பதில் பெலிசிக் மற்ற பயிற்சியாளர்களைப் போன்ற ஒரு சாதாரணர். தன் கண்முன்னே நடப்பதை எடைபோடுவதில் அவருக்கு இணை கிடையாது. டிராஃப்ட் என்பது முழுக்க முழுக்க முதல் வகை வேலை. வளர்த்தெடுப்பது இரண்டாவது வகை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவதால்தான் சண்டை தீராமல் இழுத்துக்கொண்டு போகிறது.

இதற்குச் சான்று பேட்ரியட்ஸ் அணிக்குள்ளேயே கிடைக்கிறது. கார்னர்பேக் என்ற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியில் ஓடிப் பந்து பிடிப்பவரைப் பின்தொடர்ந்து மறிப்பவர் இவர். பாதுகாப்பு ஆட்டம் பெலிசிக்கின் தாய்வீடு. அந்த அறைக்குப் போய் அவரே பாடம் எடுப்பார். அப்படியிருந்தும் அந்தப் பின்வரிசைக்காக இரண்டாம் சுற்றில் அவர் எடுத்தவர்களைப் பாருங்கள்: 2008-இல் டெரன்ஸ் வீட்லி, 2009-இல் டேரியஸ் பட்லர், 2011-இல் ராஸ்-ஐ டவ்லிங், 2012-இல் டேவான் வில்சன், 2015-இல் ஜோர்டன் ரிச்சர்ட்ஸ், 2016-இல் சைரஸ் ஜோன்ஸ், 2018-இல் டியூக் டாசன், 2019-இல் ஜோஜுவான் வில்லியம்ஸ். ஒருவரும் இந்த அணியில் நிலைக்கவில்லை. டவ்லிங்கை உடம்பு கைவிட்டது. டாசன் பேட்ரியட்ஸுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாமல் டென்வருக்குப் போய்ச் சேர்ந்தார். பாட்ரிக் சங், கைல் டக்கர் என்று தேறியவர்களும் உண்டு. அவர்களை மறைத்துவிட்டு வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எட்டுப் பேர் என்பது தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய எண்ணிக்கை இல்லை.

இந்தப் பட்டியலை மட்டும் பார்த்தால், இவர்களை வளர்க்கத் தெரியவில்லை என்று தோன்றும். இனி அதே ஆண்டுகளில் யாருமே எடுக்காமல், முகாமின் வாசல் வழியாக வந்தவர்களைப் பாருங்கள். 2016-இல் சைரஸ் ஜோன்ஸ் 60-ஆம் ஆளாக வந்தார். அதே கோடையில் டிராஃப்டில் விலைபோகாமல் வந்தவர் ஜோனதன் ஜோன்ஸ். சைரஸ் முதல் பருவத்திலேயே உதைத்து வரும் பந்துகளைக் கைநழுவவிட்டுத் தன்னம்பிக்கை இழந்தார். ஜோனதன் ஆண்டுக்கணக்காக அணியின் தூணாக இருந்தார். 2018-இல் டியூக் டாசன் 56-ஆம் ஆள். அதே கோடையில் வாசல் வழியாக வந்தவர் ஜே.சி. ஜாக்சன். டாசன் ஆடவேயில்லை. ஜாக்சன் நான்கு பருவங்களில் எதிரணியின் 25 பந்துகளை வழிமறித்துப் பிடித்தார்.

ஒரே அறை, ஒரே பாடம், ஒரே ஆசிரியர்கள், ஒரே ஆண்டு. ஒருவர் டிராஃப்ட் மேடையில் பெயர் வாசிக்கப்பட்டு வந்தவர், இன்னொருவர் தொலைபேசியில் கூப்பிட்டதும் வந்தவர். பாடம் நடத்தியதில் கோளாறு இருந்திருந்தால் இரண்டு பேருமே தோற்றிருக்க வேண்டும். கோளாறு ஏப்ரல் மாதத்துத் தேர்வில் இருந்தது. ஆகஸ்ட் மாதத்துப் பயிற்சி ஏப்ரல் மாதத் தவறைத் திருத்திக்கொடுத்தது. மேலும், இரண்டாம் சுற்றில் எடுத்தவரை வைத்துக்கொண்டே ஆகவேண்டும் என்ற பிடிவாதம் பெலிசிக்கிடம் இல்லை. நல்ல இடத்தில் எடுத்த ஆளைத் தூக்கி எறிந்தால் தன் தேர்வு தவறு என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்பதால் பல அணிகளில் மூன்று நான்கு ஆண்டுகள் இழுத்தடிப்பார்கள். பெலிசிக்குக்கு அந்தக் கூச்சம் இருந்ததே இல்லை. அவரிடம் நான் மிகவும் மதிக்கும் குணம் இது.

மால்கம் பட்லரின் கதையைச் சொல்லாமல் மேலே போகமுடியாது. வெஸ்ட் அலபாமா என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்தவர். இடையில் பாப்பாய்ஸ் கோழிக்கறிக் கடையில் வேலை பார்த்தவர். 2014-இல் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. பேட்ரியட்ஸ் முகாமுக்கு வெறும் சோதனை ஆட்டக்காரராகத்தான் வந்தார். அதாவது, ஒப்பந்தம்கூடக் கிடையாது. பிடித்தால் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். அந்தப் பருவத்தின் சூப்பர் பவுல், 2015 பிப்ரவரி 1, எதிரணி சியாட்டில். பேட்ரியட்ஸ் 28-24 என்று முன்னிலை. பந்து கோல் கோட்டுக்கு ஒரு கஜம் வெளியே சியாட்டில் கையில். நேரம் 26 விநாடிகள்.

அதற்கு முன் நடந்த பயிற்சியில், சியாட்டில் இந்த இடத்தில் என்ன ஆட்டம் ஆடக்கூடும் என்று பெலிசிக்கின் ஆட்கள் ஒத்திகை பார்த்தார்கள். இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக நெருங்கி நிற்பார்கள். முன்னால் நிற்பவர் வழியை அடைத்துக்கொள்ள, பின்னால் நிற்பவர் உள்பக்கம் வெட்டி ஓடிப் பந்தைப் பிடிப்பார். பயிற்சியில் பட்லர் அடைத்தவரைச் சுற்றிக்கொண்டு போனதால் ஓர் அடி தாமதமாகி, பந்தை விட்டுவிட்டார். நீ அங்கே போயாக வேண்டும் என்று பெலிசிக் அவரிடம் சொன்னார். இறுதி ஆட்டத்தில் சியாட்டில் அதே போல் வந்து நின்றது. முன்னால் நின்ற கியர்ஸை பிராண்டன் பிரவுனர் நெஞ்சோடு தள்ளி நிறுத்தினார். பட்லர் சுற்றிப் போகவில்லை. நேராகப் பந்து வரப்போகும் புள்ளிக்குப் பாய்ந்தார். ரசல் வில்சன் எறிந்த பந்து லாக்கெட்டைச் சேருவதற்குள் பட்லர் கையில் இருந்தது. கோப்பையும் அங்கேயே முடிவாயிற்று.

பட்லர் அந்தத் தவறைப் பயிற்சியில் செய்யாமல் இருந்திருந்தால் அந்தப் பந்து அவர் கையில் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஒருவனை வளர்த்தெடுப்பது என்றால் நான் இதைத்தான் மனத்தில் வைத்துச் சொல்கிறேன். எந்தத் தேர்வுப் பட்டியலிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

பந்து பிடிக்கும் வைட் ரிசீவர்களின் அறைக்கு வந்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. இங்கே தேர்வும் தவறியது, பாடமும் அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தது. பேட்ரியட்ஸ் ஆட்டமுறையில் ரிசீவர் ஓட ஆரம்பித்த பிறகு எதிரணி எப்படி நகர்கிறது என்று படித்து, அதற்கேற்ப நடுவழியில் தடத்தை மாற்ற வேண்டும். அதே நொடியில் குவார்ட்டர்பேக்கும் அதையே படித்திருக்க வேண்டும். இருவர் கண்ணுக்கும் ஒரே பதில் தெரியாவிட்டால் பந்து காலி இடத்தில் விழும், அல்லது எதிரி கையில் விழும். பத்தாண்டு பழகிய பிரேடிக்கு இது மூச்சுவிடுவது மாதிரி. 22 வயதுப் பையனுக்கு? சாட் ஜாக்சன், பிராண்டன் டேட், டெய்லர் பிரைஸ், ஏரன் டாப்சன் என்று ஒவ்வொருவராக வந்து தடுமாறிப் போனார்கள். சாட் ஜாக்சனுக்காக 2006-இல் கிரீன் பே அணியுடன் இடம் மாற்றி மேலே ஏறிப் போய் எடுத்தார்கள். அந்தப் பேரத்தில் கிடைத்த இடத்தில் கிரீன் பே எடுத்தவர் கிரெக் ஜென்னிங்ஸ். அவர் அங்கே நட்சத்திரமானார்.

ஜூலியன் எடெல்மன் மட்டும் எப்படித் தேறினார்? 2009-இல் ஏழாம் சுற்றில், 232-ஆம் ஆள். கல்லூரியில் குவார்ட்டர்பேக். அவருக்குப் பெலிசிக் அவசரப்படாமல் நேரம் கொடுத்தார். உதை பந்தைத் திருப்பி ஓடச் சொன்னார், ஒரு பருவத்தில் ஆள் பற்றாக்குறை வந்தபோது பாதுகாப்பு வரிசையிலும் நிறுத்தினார். ஐந்தாவது பருவமான 2013-இல்தான் எடெல்மன் 105 பந்துகள் பிடித்தார். பின்னால் ஒரு சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். ஏழாம் சுற்று ஆளுக்கு யாரும் கெடு வைப்பதில்லை. அதனால் கற்றுக்கொள்ள அவகாசம் கிடைத்தது. முதல் சுற்று ஆளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

2019-இல் நிகீல் ஹாரி 32-ஆம் ஆளாக வந்தார். முதல் சுற்றில் பேட்ரியட்ஸுக்காகப் பெலிசிக் எடுத்த முதல் வைட் ரிசீவர். அவருக்குப் பின்னால் காத்திருந்தவர்கள், பின்னர் நட்சத்திரங்களான டீபோ சாமுவேல், ஏ.ஜே. பிரவுன், டி.கே. மெட்காஃப். இதை நினைத்தால் நியூ இங்கிலாந்து ரசிகர்களுக்கு இன்றும் வயிறு எரியும். மூன்று பருவங்களில் ஹாரி பிடித்தது 57 பந்துகள். ஆனால் அதே 2019 கோடையில் டிராஃப்டில் யாரும் எடுக்காத ஜகோபி மையர்ஸ் அதே அறைக்குள் வந்தார். எடெல்மனைப் போலவே இவரும் முதலில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர். 2021-இல் மட்டும் 83 பந்துகள் பிடித்து அணியின் முதன்மை ரிசீவர் ஆனார். 2016, 2018, 2019 என்று மூன்று முறை ஒரே கதை. மேடையில் எடுத்தவர் கவிழ்ந்தார், வாசலில் வந்தவர் நிமிர்ந்தார்.

தேர்வில் சறுக்குவது பெலிசிக்குக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடக் கூடாது. கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டு டிராஃப்டுகளை ஆராய்ந்தார்கள். தேலர் பின்னர் நோபல் பரிசு பெற்றவர். ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடுவதற்கான வாய்ப்பு 52 விழுக்காடுதான் என்பது அவர்கள் கண்டது. காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவே. அதனால் ஓர் அணி செய்யக்கூடிய அறிவுள்ள காரியம் லாட்டரிச் சீட்டுகளைப் போல வாய்ப்புகளை அதிகமாக்கிக்கொள்வது. பெலிசிக் பெரும்பாலும் அதைத்தான் செய்தார். வரிசையில் கீழே இறங்கி இறங்கி வாய்ப்புகளைப் பெருக்கினார். பாதுகாப்பு ஆட்டக்காரர் சான்ட்லர் ஜோன்ஸை 2016-இல் அரிசோனாவுக்குக் கொடுத்தபோது கிடைத்தவற்றில் இரண்டாம் சுற்று வாய்ப்பும் ஒன்று. அதை நியூ ஆர்லியன்ஸிடம் மாற்றி இரண்டாக்கினார். அந்த இரண்டில் வந்தவர்கள் ஜோ தூனியும் மால்கம் மிட்செலும். அந்தப் பருவத்தின் சூப்பர் பவுலில் அட்லாண்டாவுக்கு எதிராக 28-3 என்று பின்தங்கிய பிறகு மீண்டு வந்த ஆட்டத்தில் இருவருமே களத்தில் இருந்தார்கள். பட்டியல் போடுகிறவர்கள் ஜோன்ஸ் போனதை இழப்பு என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

இன்னொரு பழக்கமும் கவனிக்கத்தக்கது. காணாததை ஊகிக்க வராத மனிதர், தான் நம்பும் கண்களைக் கடன் வாங்கினார். அலபாமா கல்லூரியில் பயிற்சியாளராக இருந்த நிக் சேபன் ஒருகாலத்தில் கிளீவ்லாந்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். ரட்கர்ஸ் கல்லூரியில் பயிற்சியாளராக இருந்த கிரெக் ஷியானோவும் ஃபுளோரிடாவில் இருந்த அர்பன் மேயரும் அவருடைய நண்பர்கள். இந்த மூன்று இடங்களிலிருந்தும் அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். ரட்கர்ஸ் வழி அருமையாகப் பலித்தது: டெவின் மெக்கோர்ட்டி, லோகன் ரையன், டூரன் ஹார்மன். அலபாமாவிலிருந்து தேறிய ஹைடவரும் வந்தார், தேறாத சைரஸ் ஜோன்ஸும் வந்தார். ஃபுளோரிடாவிலிருந்து 2010-இல் வந்தவர்களில் ஏரன் ஹெர்னாண்டஸும் ஒருவர். திறமைக்கு முதல் சுற்று ஆள். குணத்தைப் பற்றிய அச்சத்தால் நான்காம் சுற்றுவரை யாரும் தொடவில்லை. 2013-இல் கொலை வழக்கில் கைதானார், பின்னர் தண்டனையும் பெற்றார். ஒரு மனிதனின் உயிர் போன இடத்தில் அவர் எத்தனை பந்து பிடித்தார் என்று பேச எனக்கு மனம் வருவதில்லை. தேர்வில் சறுக்கிய மற்றவர்களோடு சேர்த்து எண்ணக்கூடிய விஷயமே அல்ல அது. அந்த எச்சரிக்கைகளுக்குச் செவிகொடுத்து விலகிய அணிகள் சரியாகவே செய்தன.

இனி மூன்றாவது அறை. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐவர் நிற்கும் ஆஃபென்சிவ் லைன். இங்கே பேட்ரியட்ஸின் பெயர் பல ஆண்டுகள் தங்கம். மாட் லைட், டான் காப்பன், லோகன் மான்கின்ஸ், செபாஸ்டியன் வால்மர், ஷாக் மேசன், ஜோ தூனி, டேவிட் ஆண்ட்ரூஸ். இவர்களோடு ஸ்டீபன் நீல் என்று ஒருவர். மல்யுத்த வீரர், 1999-இல் கல்லூரி மல்யுத்த இறுதிப் போட்டியில் பிராக் லெஸ்னரைத் தோற்கடித்தவர். கல்லூரியில் ஃபுட்பாலே ஆடாதவர். அவரைக் கூட்டிவந்து சூப்பர் பவுலில் நிற்கவைத்தார்கள். இந்த அறையின் ஆசிரியர் டான்டே ஸ்கார்னெக்கியா.

ஸ்கார்னெக்கியா 2013 பருவத்தோடு ஓய்வு பெற்றார். 2016 ஜனவரியில் டென்வரில் நடந்த அரையிறுதியில் பிரேடியை எதிரணி 20 முறை தாக்கியது. வான் மில்லர் வலப்பக்கத்தில் நின்ற மார்க்கஸ் கானனைத் திரும்பத் திரும்பத் தாண்டி வந்து பிரேடியைத் தரையில் சாய்த்தார். 20-18 என்று தோற்றோம். கானன் 2011-இல் ஐந்தாம் சுற்றில் வந்தவர். டிராஃப்டுக்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது, அதிலிருந்து மீண்டு வந்து ஆடிக்கொண்டிருந்தார். அந்த டென்வர் இரவுக்குப் பிறகு அவரை விரட்டச் சொல்லாத ரசிகர் இல்லை. பெலிசிக் அவரை விரட்டவில்லை. ஓய்விலிருந்த ஆசிரியரைத் திரும்ப அழைத்துவந்தார். 2016 பருவ முடிவில் அதே கானன், பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலான ஆல்-ப்ரோவின் இரண்டாம் அணியில் இடம்பெற்றார். ஆள் அதே ஆள். மாறியது சொல்லிக்கொடுத்தவர்.

அப்படியென்றால் பெருமை ஸ்கார்னெக்கியாவுக்கா, பெலிசிக்குக்கா என்று கேட்பார்கள். பாடத்தின் பெருமை ஸ்கார்னெக்கியாவுக்கு. அவர்தான் வேண்டும் என்று தெரிந்துகொண்டு அழைத்துவந்த பெருமை பெலிசிக்குக்கு. தலைமைப் பயிற்சியாளர் 53 பேருக்கும் தானே கைபிடித்துக் கற்றுத்தர முடியாது. யாரை ஆசிரியராக வைக்கிறார் என்பதில்தான் அவருடைய வளர்ப்புத் திறனை எடைபோட வேண்டும்.

இந்த அளவுகோலை நானே முன்வைப்பதால் அவருடைய கடைசி ஆண்டுகளையும் இதே கோலால்தான் அளக்க வேண்டும். அங்கே எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. ஆட்களைத் தேடித் தந்துகொண்டிருந்த ஸ்காட் பியோலி 2009-இலேயே கான்சஸ் சிட்டிக்குப் போய்விட்டார். ஸ்கார்னெக்கியா 2019 பருவத்தோடு முழுமையாக ஓய்வு பெற்றார். பியோலிக்குப் பின் அந்த வேலையைப் பார்த்த நிக் கசேரியோ 2021-இல் ஹூஸ்டனுக்குப் போனார். தாக்குதல் ஆட்டத்தின் ஆசான் ஜாஷ் மெக்டேனியல்ஸ் 2022-இல் லாஸ் வேகாசுக்குப் போனார். பிரேடி போனது தனிக்கதை. இவர்கள் இடத்தில் யார் வந்தார்கள் என்பதுதான் கேள்வி.

2021-இல் 15-ஆம் ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக் மேக் ஜோன்ஸ், மெக்டேனியல்ஸின் கையில் முதல் பருவத்திலேயே எறிந்த பந்துகளில் 67.6 விழுக்காட்டைச் சரியாகச் சேர்த்தார். அணி பத்து ஆட்டங்கள் வென்றது. மறு ஆண்டு மெக்டேனியல்ஸ் இல்லை. அந்த இடத்துக்குப் பெலிசிக் கொண்டுவந்தவர் மாட் பட்ரீசியா. ஆண்டுக்கணக்காகப் பாதுகாப்பு ஆட்டத்தில் ஊறியவர். அவருக்குத் துணை ஜோ ஜட்ஜ். பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான சிறப்புக் குழுக்களில் பெயர் எடுத்தவர். இரண்டாம் ஆண்டில் நிற்கும் இளம் குவார்ட்டர்பேக்குக்கு அதே தொழிலில் தேர்ந்த ஆசிரியர் ஒருவரும் இல்லை. அந்த ஆண்டு ஜோன்ஸ் களத்திலேயே கையை விரித்துக் கத்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023-இல் மூன்றாவதாக ஓர் ஆட்டமுறை, மூன்றாவதாக ஓர் ஆசிரியர். அணி நான்கு ஆட்டங்களில் வென்று 13-இல் தோற்றது. ஜோன்ஸை ஆறாம் சுற்று வாய்ப்பு ஒன்றுக்கு ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்துவிட்டார்கள். பின்னர் 2025-இல் சான்பிரான்சிஸ்கோவில் பிராக் பர்டி காயத்தால் வெளியே இருந்த வாரங்களில் அணியை நடத்தியவர் அதே மேக் ஜோன்ஸ்தான், வென்றும் கொடுத்தார்.

ஹாரியை எடுத்ததை நான் மன்னித்துவிட்டேன். அந்தத் தவறை எந்த அணியும் செய்யும். பட்ரீசியாவை அந்த நாற்காலியில் உட்காரவைத்ததை என்னால் மன்னிக்கமுடியவில்லை. அது ஏப்ரல் மாதத்து ஊகம் அல்ல. பட்ரீசியாவைப் பல ஆண்டுகள் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தவர் பெலிசிக். கண்ட மனிதரை எடைபோடுவதில் கெட்டிக்காரர் என்று இத்தனை நேரம் நான் எழுதிய அதே பெலிசிக், தன் உதவியாளர்களை எடைபோடும்போது நெருக்கத்தைத் திறமையாக எண்ணிவிட்டார். ஆட்டக்காரர்களிடம் அவர் காட்டிய இரக்கமற்ற நேர்மையில் பாதியை நண்பர்களிடமும் காட்டியிருந்தால் அந்தக் கடைசி இரண்டு ஆண்டுகள் வேறு மாதிரி போயிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கணக்கு இன்னும் முடியவில்லை என்பதும் உண்மை. பெலிசிக்கின் கடைசி டிராஃப்டான 2023-இல் 17-ஆம் ஆளாக வந்த கார்னர்பேக் கிறிஸ்டியன் கொன்சாலஸ், முதல் பருவத்தில் நான்கு ஆட்டங்களோடு தோள் கிழிந்து உட்கார்ந்தார். 2024-இல் திரும்பி வந்து ஆல்-ப்ரோ இரண்டாம் அணியில் இடம்பிடித்தார். அப்போது தலைமைப் பயிற்சியாளர் ஜெராட் மேயோ; அவரும் 2008-இல் பெலிசிக் எடுத்தவர்தான். மேயோவுக்குப் பின் வந்த மைக் வ்ரேபெல், 2001-இல் பிட்ஸ்பர்க்கில் பெஞ்சில் இருந்தவரைப் பெலிசிக் கூட்டிவந்து பாதுகாப்பின் நடுவரிசையில் நிற்கும் லைன்பேக்கராக நிறுத்தி வளர்த்த ஆள். கொன்சாலஸைத் தேர்ந்தெடுத்த மதிப்பெண்ணைப் பெலிசிக்குக்கே கொடுப்பேன். இரண்டாம் சுற்றில் தவறவிட்ட அத்தனை பேருக்கும் ஈடாக ஒருவழியாக ஒரு முதல்தரக் கார்னர்பேக்கை ஏப்ரலிலேயே சரியாகப் பார்த்திருக்கிறார். வளர்த்த மதிப்பெண் மேயோவுக்கும் வ்ரேபெலுக்கும் அவர்களுடைய உதவியாளர்களுக்கும் போகவேண்டியது. அடுத்த முறை அலுவலகத்தில் இந்தப் பேச்சு வந்தால், கொன்சாலஸின் பெயரைப் பெலிசிக்கின் கணக்கில் முழுசாக எழுத முயல்கிறவர்களோடுதான் என் சண்டை.